பத்திரிகை பி.ஏ.

தர்மபுரிப் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை என்பது பாதி அழைப்பு, பாதி மார்க் ஷீட். மாப்பிள்ளை, பெண், அவர்களைப் பெற்றவர்கள், பெற்றவர்களைப் பெற்றவர்கள், தாய்மாமன்கள் என்று யார் பெயர் வந்தாலும் அதன் வாலில் ஒரு பட்டம் தொங்கியாக வேண்டும். ஒன்றும் இல்லாதவருக்கு ‘விவசாயி’ என்றாவது போட்டு ஒப்பேற்றிவிடுவார்கள். பட்டம் கைக்கு வந்துவிட்டதா, இல்லை ஃபெயிலான பேப்பர் ஏதாவது இன்னும் நிற்கிறதா என்று அச்சகத்துக்காரர் கேட்பதில்லை. அது அவர் வேலையும் இல்லை. ஊர்தான் கேட்கும். சாவகாசமாகப் பந்தியில் உட்கார்ந்து, இரண்டாவது தடவை ரசம் வாங்கிக்கொண்டு கேட்கும்.

அமுதவல்லியை ஊர் அப்படிக் கேட்டுத்தான் பிடித்தது.

அவள் படித்தது தர்மபுரியில் ஒரு காலேஜில், பி.ஏ. பொருளாதாரம். பட்டம் கொடுப்பது சேலத்துப் பல்கலைக்கழகம். கடைசி வருடப் பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயத்தில் அவளுடைய அப்பா மாதையன் அவளை மாமன் மகன் சிவக்குமாருக்குப் பேசி முடித்தார். மாதையன் தர்மபுரி – சேலம் பஸ்ஸில் கண்டக்டர். எந்த வண்டி எப்போது கிளம்பும், எது எங்கே மக்கர் பண்ணும் என்று விரல்நுனியில் வைத்திருக்கிற மனுஷன். அப்பேர்ப்பட்டவர் பரிசம் போடுவதற்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். பரீட்சை டைம்டேபிளைப் பார்க்கவில்லை. பரிசம் போட்ட மறுநாள் காலையில் அமுதவல்லிக்குப் பன்னாட்டுப் பொருளாதாரம். முந்தின ராத்திரி வீடு நிறைய சொந்தக்காரர்கள். பெண் புத்தகத்தைத் தொட்டபோதெல்லாம் யாராவது ஒருவர் புடவையைக் காட்ட வந்தார்கள். மருதாணி போட்ட கையோடு போய் எழுதிவிட்டு வந்தாள். என்ன எழுதினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

ரிசல்ட் வருவதற்குள் பத்திரிகை அடித்தாக வேண்டும். மாதையன் கொஞ்சமும் யோசிக்காமல் ‘அமுதவல்லி பி.ஏ.,’ என்று போட்டு, பொம்மிடியிலிருந்து பென்னாகரம் வரை பத்திரிகை வைத்துவிட்டு வந்தார். கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் ரிசல்ட் வந்தது. எல்லாம் பாஸ், அந்த ஒரு பேப்பர் மட்டும் நின்றுவிட்டது. அமுதவல்லி மூலையில் உட்கார்ந்து அழுத அழுகையைக் கேள்விப்பட்டு, மாப்பிள்ளை சிவக்குமார் ஆள் மூலம் சொல்லி அனுப்பினான்: “பேப்பரு நின்னா நிக்கட்டும். கல்யாணம் நிக்காம இருந்தாச் சரி.” அவனிடம் அவள் மனசு விழுந்தது அந்த நிமிஷத்தில்தான் என்று பிற்பாடு சொல்லுவாள்.

மாப்பிள்ளை விட்டாலும் மாயவன் விடவில்லை. மாயவன் அவளுக்குப் பெரியப்பா மகன், அண்ணன் முறை. வாய் சும்மா இருந்தால் உடம்புக்கு ஆகாத ஆள். கல்யாணப் பந்தியிலேயே ஆரம்பித்துவிட்டான்.

“மத்தவங்களுக்கெல்லாம் பட்டம் காலேஜ்ல குடுப்பாங்க. நம்ம தங்கச்சிக்குப் பத்திரிகையிலயே குடுத்துட்டாங்க. பத்திரிகை பி.ஏ.!”

பேர் ஒட்டிக்கொண்டது. நாள்பட நாள்பட ‘பத்திரிகை’யும் தேய்ந்துபோய் வெறும் ‘பி.ஏ.’ நின்றது. “பி.ஏ. வூட்டு மாடு கன்னு போட்டிருக்குதாம்.” “பி.ஏ., இந்தச் சலானைக் கொஞ்சம் எழுதிக் குடேன்.” பிறந்த வீடும் புகுந்த வீடும் கடத்தூர்ப் பக்கத்தில் ஒரே ஊர்தான்; அந்த ஊரில் பால் சொசைட்டிக்கு ஆள் எடுத்தபோது அவளுக்குத்தான் வேலை கிடைத்தது. காலையும் சாயந்தரமும் பாலை அளந்து, சாம்பிள் எடுத்து, தரம் பார்த்து எழுதுகிற வேலை. நேர்த்தியாகச் செய்வாள். தண்ணீர் கலந்த பாலை அவள் திருப்பினால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. மாயவன் மட்டும் பேசுவான்.

“வெளிநாட்டு யாவாரத்துல ஃபெயிலு, உள்ளூர்ப் பால்ல என்னா கண்டிசனு பாரு!”

அவள் சிரித்துக்கொண்டே கேனை மூடுவாள். சிரிப்புதான் வெளியே. சின்னப் பிள்ளைகள்கூட ‘பி.ஏ. அத்தை’ என்று கூப்பிடுகிறபோது, அதுகளுக்கு அர்த்தம் தெரியாது என்று தெரிந்தும், முள் குத்துவது குத்தத்தான் செய்தது. கெட்ட பேர் என்றால் சண்டை போடலாம். இது படித்தவள் என்று சொல்லுகிற பேர். எதைச் சொல்லிச் சண்டை போடுவாள்?

திரும்ப எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்றுதான் இருந்தாள். ஒரு தடவை வயிற்றில் கனிமொழி. ஒரு தடவை தக்காளி பறிப்பு. ஒரு தடவை ஞாபகம் வந்தபோது கடைசித் தேதி போய்விட்டிருந்தது. அப்படியே வருஷங்கள் ஓடி, இனிமேல் எழுத முடியாது, உங்களுக்குக் கொடுத்த வாய்ப்புகள் முடிந்துவிட்டன என்று சொல்லிவிட்டார்கள். சரி, தொல்லை விட்டது என்று இருந்துவிட்டாள்.

இதற்கு நடுவில் மாதையன் ஒரு காரியம் செய்தார். ஐம்பதைத் தாண்டிய வயதில், அதே சேலத்துப் பல்கலைக்கழகத்தில் தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தார். வாழ்க்கை முழுக்க “யுனிவர்சிட்டி ஸ்டாப்பெல்லாம் எறங்கு” என்று கத்தியவர், ஒரு நாள் தானே அங்கே இறங்கிப் போய்ப் பணம் கட்டிவிட்டு வந்தார். டிரிப்புக்கு டிரிப்பு நடுவில் டிப்போ பெஞ்சில் படித்தார். ஒரு பேப்பர் நிற்காமல் முடித்தார். கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து, சட்டம் போட்டு, வீட்டுக்குள் நுழைகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டினார்.

அமுதவல்லிக்கு உள்ளுக்குள் எரிந்தது. பெற்ற அப்பனிடம் போட்டி போட முடியுமா? ஆனாலும் அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் போட்டோவைப் பார்க்காமல் நேரே அடுப்படிக்குப் போய்விடுவாள். “அப்பன் பாஸு, மவ ஃபெயிலு” என்று மாயவனுக்கு இன்னும் ஒரு வசனம் கிடைத்துவிட்டதுதான் கண்ட பலன். எதற்காக இந்த வயதில் இவர் இதைச் செய்தார் என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

கனிமொழி வளர்ந்தாள். தர்மபுரியில் பி.எஸ்ஸி. முடித்து, எம்.எஸ்ஸி. படிக்க அதே பல்கலைக்கழகத்துக்கே போனாள். தொப்பூர் கணவாயை இறங்கினால் ரோட்டோரமாகவே கேட் வந்துவிடும். மூன்று தலைமுறையாக ஒரே யுனிவர்சிட்டி என்று மாதையன் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். எந்த மூன்று என்று விரல் விட்டு எண்ணச் சொன்னால் மட்டும் நடுவிரலில் கொஞ்சம் தடுமாறுவார்.

இந்த வருஷம் மாசி மாதத்தில் கனிமொழி ஒரு சேதி கொண்டுவந்தாள்.

“ம்மா, பழைய அரியர் வெச்சிருக்கறவங்க எல்லாருக்கும் ஒரு ஸ்பெஷல் சான்ஸ் குடுத்திருக்காங்க. உன் வருஷமும் அதுல வருது.”

“எனக்கென்னாத்துக்குடி இப்ப? பால் கேனுல சர்டிஃபிகேட்ட ஒட்டவா?”

சொன்னாளே தவிர, அன்றைக்கு முழுக்க அதே நினைப்பு. கனிமொழிக்குத் தர்மபுரியில் இருந்தும் பென்னாகரத்தில் இருந்தும் வரன்கள் வந்துகொண்டிருந்தன. சீக்கிரம் ஒரு பத்திரிகை அடிக்க வேண்டியிருக்கும். அதில் பெண்ணைப் பெற்றவள் என்று தன் பெயர் வரும். அந்தப் பெயருக்குப் பின்னால் அந்த இரண்டு எழுத்தைப் போட்டால் ஊர் சிரிக்கும். போடாவிட்டால் இன்னும் நன்றாகச் சிரிக்கும். உண்மையாகவே அதை வாங்கிப் போட்டால் ஒழிய இதற்கு முடிவில்லை என்று அவளுக்குப் பட்டது. மறுநாள் காலை மகளிடம் சொன்னாள்:

“பணத்தக் கட்டிடு. ஆனா யாருக்கும் தெரியக் கூடாது. தாத்தாக்கு ரொம்ப முக்கியமா தெரியக் கூடாது. மறுபடியும் நின்னுச்சுன்னா அந்த மாயவன் அண்ணன் என்னை உசுரோட வுடாது.”

கனிமொழி சத்தியம் பண்ணினாள். அந்தப் பெண்ணின் சத்தியம் சாயந்தரம் வரை தாங்கும். அமுதவல்லிக்கு அது ஏனோ அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை.

சொசைட்டியில் பால் வண்டி வருகிறவரை கிடைக்கிற நேரத்தில் படித்தாள். இறக்குமதி, ஏற்றுமதி, அயல்நாட்டுச் செலாவணி. இளம் வயதில் மண்டையில் ஏறாதது இப்போது கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. தக்காளி விலை ஏன் ஒரு நாள் ஏறி மறுநாள் விழுகிறது என்று கட்டின புருஷனோடு இத்தனை வருஷம் கவலைப்பட்டவளுக்கு, அதையே பெரிய பெரிய வார்த்தையில் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது. சிவக்குமார் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. சாயந்தரம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற வேலையை மட்டும் தானாக எடுத்துக்கொண்டான்.

சித்திரையில் வரன் குதிர்ந்தது. பென்னாகரத்துப் பையன், பேர் குரு, ஓசூரில் வேலை. பையனின் அப்பா அன்பு, அம்மா சசிகலா. நல்ல மனுஷர்கள். கனிமொழியும் படிப்பை முடித்துவிட்டாள். ஆவணியில் கல்யாணம் என்று பேசி, நிச்சயத்துக்கு நாள் குறிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பக்கமும் அமுதவல்லி வீட்டில் கூடினார்கள்.

அன்பு பஞ்சாங்கத்தைப் புரட்டி ஆனியில் ஒரு நாளைச் சொன்னார். “இதாங்க ரொம்ப விசேஷமான நாளு. இதையே வெச்சுக்கலாமுங்களா?”

அடுப்படியில் வடையைப் புரட்டிக்கொண்டிருந்த அமுதவல்லிக்குக் கரண்டி நின்றுவிட்டது. அதே நாள். அதே நாள் காலையில்தான் அவளுக்குப் பரீட்சை. ஒரு நொடி சிரிப்பு வந்தது. எந்த ஜென்மத்தில் என்ன பாவம் செய்தோம், இந்தப் பன்னாட்டுப் பொருளாதாரம் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு நல்ல நாள் வந்து குறுக்கே நிற்கிறதே என்று நினைத்தாள். மகள் நிச்சயத்தைவிட இது பெரிதா? போகட்டும். ஒரேயடியாகப் போகட்டும். வடையைத் தட்டில் எடுத்து வைத்தாள்.

அப்போது வெளியே மாதையனின் குரல் கேட்டது.

“அன்னிக்கு வேணாமுங்க. அன்னிக்குப் பொண்ணுக்குப் பரீட்சைங்க.”

கல்யாணப் பேச்சில் பொண்ணு என்றால் கல்யாணப் பெண்தான். அன்பு தலையைத் தூக்கிப் பார்த்தார். “பொண்ணுக்கா? படிப்பெல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னீங்களேங்க?”

“முடிஞ்சுதுங்க. ஆனா பரீட்சை இருக்குதுங்க.”

“அப்போ ஏதாச்சும் பேப்பரு கீப்பரு நின்னுபோச்சுங்களா?”

மாதையன் மாட்டிக்கொண்டார். பேத்தியின் பேரைக் காப்பாற்றினால் மகளைக் காட்டிக் கொடுக்க வேண்டும். மகளைக் காப்பாற்றினால் பேத்தி தலையில் அரியர் விழும். கண்டக்டர் உத்தியோகத்தில் எத்தனையோ தகராறைத் தீர்த்த வாய் அப்படியே திறந்தபடி இருந்தது. கனிமொழி கதவோரத்தில் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் அமுதவல்லிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சத்தியம் பண்ணின அன்றைக்கே தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அவள் வடைத் தட்டோடு வெளியே வந்தாள். “என் பொண்ணுக்கு ஒண்ணும் நிக்கலைங்க. அவ எல்லாம் பாஸு. அப்பா சொன்னது அவரு பொண்ண. எனக்குத்தாங்க பரீட்சை. கல்யாணத்துக்கு முன்ன நின்ன பேப்பரு, இப்பத்தான் எழுதறேன்.”

சொல்லிவிட்டாள். சம்பந்தி வீட்டார் முன்னால், முதல் காரியத்திலேயே மானம் போனது என்றுதான் நினைத்தாள். பிறகு சசிகலாதான் மெதுவாக வாயைத் திறந்தாள்.

“சம்பந்தி, அந்த ஸ்பெஷல் சான்ஸு பி.காமுக்கும் உண்டுங்களா?”

அன்பு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். “பி.காமுக்கா? நீதான் முடிச்சிட்டியே?”

“அக்கவுண்டன்சி நிக்குது.”

“நம்ம பத்திரிகையில போட்டிருந்துச்சே!”

“போட்டிருந்துச்சு” என்றாள் சசிகலா.

அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன் எழுந்ததில்லை. சிவக்குமார் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அன்பு முதலில் முறைத்தார். அப்புறம் அவராலும் முடியவில்லை. பஞ்சாங்கத்தை மூடி வைத்து, “மொதல்ல அந்த டைம்டேபிளைக் குடுங்க, அதப் பாத்து நாள் வெப்போம்” என்றார். ஆனி முடிவதற்குள் வேறொரு நல்ல நாள் கிடைத்தது. கிடைக்காமல் என்ன, தேடினால் கிடைக்கிறது.

பரீட்சை பல்கலைக்கழகத்திலேயே; அன்று அமுதவல்லியோடு மாதையனும் பஸ் ஏறினார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. கனிமொழி தன்னுடைய பழைய இடத்தைக் காட்டுகிற குஷியில் முன்னால் நடந்தாள். ஹால் வாசலில் நின்ற பையன், மேற்பார்வைக்கு வந்தவன், அமுதவல்லியைப் பார்த்துக் கையை நீட்டி மறித்தான்.

“பேரண்ட்ஸெல்லாம் வெளிய இருங்கம்மா.”

“பேரண்டு வெளியதான் இருக்குது, தம்பி” என்று அப்பாவைக் காட்டினாள். “ஸ்டூடண்டு நானு.”

உள்ளே போனால் அவளைவிடப் பழுத்த ஸ்டூடண்டுகள் இருந்தார்கள். கரை வேட்டி கட்டின ஒருவர், மீசை நரைத்த ஒரு போலீஸ்காரர், பேரப்பிள்ளையை வெளியே யாரிடமோ விட்டுவிட்டு வந்த ஓர் அம்மாள். போலீஸ்காரர் அவளிடம் ஸ்கேல் கேட்டார். கேள்வித்தாளை வாங்கினாள். மணி அடிக்கிறவரை எழுதினாள்.

வெளியே வந்தபோது மாதையன் ரோட்டோரக் கடை பெஞ்சில் அப்படியே உட்கார்ந்திருந்தார். இரண்டு டீ வாங்கி ஒன்றை அவள் கையில் கொடுத்தார். எப்படி எழுதினாய் என்று கேட்கவில்லை. ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவராகவே ஆரம்பித்தார்.

“நான் எதுக்கு அந்த வயசுல போய்ப் படிச்சேன்னு நீ ஒரு தடவகூடக் கேக்கலியே அமுதா?”

“ஜெயிச்சுக் காட்டத்தான்னு நெனச்சேம்ப்பா.”

“ஓங்கிட்ட நான் என்னாத்தடி ஜெயிக்கறது?” அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த நாள வெச்சது நானு. பத்திரிகையில போட்டதும் நானு. பேரு வாங்கறது நீயி. அந்த ரெண்டெழுத்து நம்ம வூட்ல யாருகிட்டயாவது நெசமா இருக்கட்டும்னு போய்ச் சேந்தேன். படிச்சா எனக்குத்தான் வந்துச்சு, ஒனக்கு வரல. அது அப்பத்தான் எனக்கே ஒறச்சுது.”

அமுதவல்லிக்கு அழுகை வந்தது. இத்தனை வருஷமாக அந்தப் போட்டோவைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனோமே என்று வந்தது. “டீ ஆறுதுப்பா, குடிங்க” என்றாள். கனிமொழி தூரத்தில் யாரோ பழைய சிநேகிதியைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். அது நல்லதாகப் போயிற்று.

நிச்சயம் நடந்தது. ஆடி பிறந்தது. கடத்தூர் அச்சகத்தில் பத்திரிகைக்கு விஷயம் கொடுக்கப் போனபோது அமுதவல்லி கறாராகச் சொல்லிவிட்டாள்: “எம்பேரு பின்னால ஒண்ணும் போட வேணாம். ரிசல்ட் வரல.” மாதையன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினார். அச்சகத்துக்காரர் மட்டும், “சும்மா போட்டுக்கலாங்க, எல்லாரும் போடறாங்க” என்றார்.

“தெரியும்” என்றாள் அவள்.

மறுவாரம் அச்சடிக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் காலையில், சொசைட்டியில் வரிசை நின்றுகொண்டிருந்தபோது, கனிமொழி போனைக் கையில் வைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடி வந்தாள். அவள் ஓடி வந்த வேகத்தைப் பார்த்தே பின்னால் மாதையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“பாஸும்மா! நீ பாஸு!”

அமுதவல்லி அளவுப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். போனை வாங்கிப் பார்த்தாள். நம்பர் அவளுடையதுதானா என்று பார்த்தாள். பேரைப் பார்த்தாள். அப்பாவிடம் காட்டினாள். அவர் கண்ணாடி கொண்டுவரவில்லை; பார்த்த மாதிரி தலையை ஆட்டிவிட்டு, அச்சகத்துக்குப் போன் போட இரண்டடி தள்ளிப் போனார். “ஆமாங்க, போடுங்க. பி.ஏ. போடுங்க. கொட்டை எழுத்துல போடுங்க” என்று அவர் போட்ட சத்தம் மாரியம்மன் கோயில் வரை கேட்டது.

வரிசையில் மூன்றாவதாக நின்றிருந்த மாயவன் பால் தூக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். எல்லோரும் அவன் வாயைத்தான் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையிலேயே முழித்தான்.

“அப்போ… இனிமே பி.ஏ.ன்னு கூப்பிட்டா அது கிண்டலு இல்லியே, தங்கச்சி. நெசமாப் போச்சே. இனி ஒன்ன நான் என்னான்னுதான் கூப்படறது?”

அமுதவல்லி அளவுப் பாத்திரத்தை எடுத்து, அவன் தூக்குக்கு நீட்டினாள்.

“எனக்குப் பேரு ஒண்ணு இருக்குதுண்ணா. அமுதவல்லி. அதச் சொல்லிக் கூப்புடு.”

அன்றைக்குப் பால் ஊற்ற வந்தவர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல், காரணம் இருந்தோ இல்லாமலோ, ஒரு தடவையாவது அந்தப் பேரைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.